மூன்று ஏக்கருக்கு இரண்டு பேர்

மைமூன் பலா மரத்தை வைக்க வைக்க, கூட்டு அதை எடுத்துக்கொண்டே இருந்தது.

கூட்டு என்பது பழத்தோப்புக்குத் திட்டம் போடும் மென்பொருள். பேரைக் கேட்டதும் எல்லோரும் சாப்பாட்டு இலையைத்தான் நினைப்பார்கள். ஆனாலும் பொருத்தமான பெயர். எந்த மரத்துக்குப் பக்கத்தில் எது நின்றால் இரண்டும் பிழைக்கும், எதன் நிழலில் எது காய்க்கும், எந்தச் செடியின் பூ எந்த மரத்துக்குத் தேனீயை அழைத்து வரும் என்று முப்பது வருடத்தை ஒரு நிமிடத்தில் ஓட்டிப் பார்த்துச் சொல்லிவிடும். புளியங்குடியைச் சுற்றி எலுமிச்சை மட்டுமே நின்ற தோட்டங்கள் ஒரே நோயில் அடுத்தடுத்துப் பட்டுப்போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு ஒற்றைப் பயிர்த் தோட்டத்துக்குக் கிணற்று அனுமதி கிடையாது. பல மரம், பல அடுக்கு என்று வரைந்த திட்டம் கையில் இருந்தால்தான் தண்ணீர். மைமூன் கடையநல்லூரில் உட்கார்ந்து அந்தத் திட்டங்களை வரைந்து கொடுப்பவள். பதினோரு வருடத்தில் இருநூறுக்கு மேல் வரைந்திருந்தாள். இப்படி ஒரு பலாவுக்காகக் கூட்டு அவளோடு மல்லுக்கு நின்றதில்லை.

இது கோமதிநாயகமும் அவர் மனைவி சண்முகக்கனியும் கேட்ட திட்டம். மலையடிவாரத்தில் மூன்று ஏக்கர், பட்டுப்போன எலுமிச்சைக் கட்டைகளோடு. கோமதிநாயகம் முப்பத்தோரு வருடம் காற்றாலைகளில் பழுது பார்த்தவர். ஊர்க்காரர்கள் காத்தாடி என்று சொல்லும் அந்தக் கோபுரங்களில் ஏறி இறங்கி, முதலில் கயத்தாறு, அப்புறம் குஜராத், அதற்கப்புறம் கடலுக்குள் நட்ட காத்தாடிகள் என்று வருடத்தில் பத்து மாதம் வெளியிலேயே இருந்தவர். ஐம்பத்தேழு வயதில் வேலையை விட்டுவிட்டு ஊர் வந்திருந்தார். சண்முகக்கனி இரண்டு பெண்களை வளர்த்துக் கட்டிக்கொடுத்துவிட்டு, பதினான்கு வருடமாகப் புளியங்குடிக்கும் மலையடிவாரத்துக்கும் நடுவே ஓடும் மினி பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தார். மார்ச் மாதத்தோடு அந்த வேலையை விட்டுவிடுவதாக இருந்தார்.

நிலத்தைப் பார்க்கப் போன அன்று மைமூன் மேற்கு எல்லையைக் காட்டி, "இங்க சவுக்கு வரிசை வச்சிருவோம் அண்ணாச்சி, காத்துக்குத் தடுப்பா" என்றாள்.

கோமதிநாயகம் ஒரு பிடி புழுதியை அள்ளி விரல் வழியாக விட்டுப் பார்த்தார். "காத்து மேக்கேருந்து வருதுன்னுதான் எல்லாரும் சொல்லுவாவ. இந்த இடத்துல அப்படி வராதும்மா. அந்த மொட்டப் பாறையில முட்டி, சுத்திக்கிட்டுத் தெக்க வந்து நுழையும். ஆனி ஆடியில வந்து நின்னா வேட்டியே சொல்லிரும்."

அவர் சொன்னதைக் கூட்டிடம் கொடுத்ததும், தெற்கு மூலையில் நின்ற பப்பாளி அத்தனையையும் அது இடம் மாற்றியது. அன்றிலிருந்து மைமூனுக்கு அவர் மேல் ஒரு மதிப்பு. மற்றதெல்லாம் சுலபமாகவே வந்தது. சரிவுக்குக் குறுக்கே மழைநீரை நிறுத்த நான்கு வாய்க்கால், அவற்றின் கரையில் வெட்டிவேர். மாவும் நாவலும் உயரத்தில், அவற்றுக்கு இடையே கொய்யா, மாதுளை, எலுமிச்சை. சிறுமரங்கள் தலையெடுக்கும்வரை நிழலுக்கும் உரத்துக்கும் அகத்தி. வேலியில் களாக்காய். தரையில் தட்டப்பயறு, வேர்ப்புழுவை விரட்டச் செண்டுமல்லி.

"நடுவுல ஒரு பலா வேணும்," என்றார் கோமதிநாயகம். "கீழ நாங்க ரெண்டு பேரும் உக்காருதாப்ல. காத்தாடி உச்சியில நின்னு போன் பேசும்போதெல்லாம் இவகிட்ட இதத்தான் சொல்லிக்கிட்டு இருப்பேன். என்ன கனி?"

"ஆமா," என்றார் சண்முகக்கனி. மைமூனைப் பார்த்துச் சிரித்தார். "முப்பது வருசமா அதே பலாதான்."

அந்தப் பலாவைத்தான் கூட்டு ஏற்க மறுத்தது. வேறு வழியில்லாமல் மைமூன் காரணத்தைக் கேட்டாள். திரையில் ஒரு வரி வந்தது: பலா அறுவடைக்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் மேலே ஏறிக் கயிற்றில் கட்டி இறக்க, இன்னொருவர் கீழே நின்று வாங்க வேண்டும். காய்ப்பு தொடங்கும் ஏழாம் வருடத்தில் தோப்பில் இரண்டு பேர் இல்லை.

மைமூன் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

கூட்டின் பார்வையில் மனிதரும் தோப்பில் ஒரு இனம். அகத்தி மண்ணைச் செழிப்பாக்குவதுபோல, மனிதர்கள் கிளை வெட்டி, சருகு பரப்பி மூடாக்குப் போட்டு, தண்ணீர் திறந்துவிடுகிறார்கள். அதனால் தோப்பு கேட்பவர்கள் பத்து நாள் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டிக்கொண்டு தங்கள் நிலத்தில் வேலை பார்க்க வேண்டும். எப்படி நடக்கிறார்கள், எத்தனை முறை குனிகிறார்கள், எங்கே நிற்கிறார்கள், எத்தனை நேரத்தில் களைக்கிறார்கள் என்று அது பார்க்கும். வருடத்துக்கு இவர்களால் எத்தனை மணி நேரம் முடியும் என்று முப்பது வருடத்துக்கும் கணக்குப் போட்டு, அதற்கேற்ற மரங்களை வைக்கும். அந்தக் கணக்கைத் தோப்புக்காரர்களிடம் காட்டக் கூடாது என்பது நிறுவனத்தின் விதி. வரைபவர்களும் அதைத் திறக்க வேண்டியதில்லை.

மைமூன் திறந்தாள். வருடாவருடம் முடியும் மணி நேரத்தை ஆளுக்கொரு கோடாகப் போட்டிருந்தது. கோமதிநாயகத்தின் கோடு இருபது வருடம் மெல்லச் சரிந்துகொண்டே போனது. சண்முகக்கனியின் கோடு மூன்றாம் வருடம் சித்திரையில் செங்குத்தாக இறங்கிப் பூஜ்யத்தில் நின்றது. அதற்கு அப்புறம் எழும்பவேயில்லை.

இதற்கு முன்பும் ஒருமுறை அவள் அப்படி ஒரு கோட்டைப் பார்த்திருந்தாள். வாசுதேவநல்லூர்க்காரர் ஒருவருடையது. விதியை மதித்துச் சொல்லாமல் இருந்துவிட்டாள். இரண்டாம் வருடம் அவர் வரப்பில் சாய்ந்து கிடந்ததாகச் சேதி வந்தது. நெஞ்சுவலி. முன்கூட்டிப் பார்த்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாக அவர் மனைவி போனில் அழுதாள். மைமூன் அந்தத் தோப்புப் பக்கம் அதற்குப் பிறகு போகவில்லை.

மறுநாள் காலை நிலத்துக்குப் போனாள். கோமதிநாயகம் தனியாக எலுமிச்சைக் கட்டை ஒன்றைக் கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, நான் இதச் சொல்லக் கூடாது. வேலை போனாலும் போவும். ஆனா சொல்லாம இருக்க முடியல."

எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கடப்பாரையைக் கீழே போடவில்லை. அதைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"என்ன நோவுன்னு சொல்லுதா அது?"

"அது டாக்டர் இல்ல அண்ணாச்சி. லட்சக்கணக்கான ஆளுங்க இந்தப் பட்டையக் கட்டியிருக்காங்க. இதே மாதிரி நடந்து, இதே மாதிரி நின்ன ஆளுங்க பின்னால என்ன ஆனாங்கன்னு ஒப்பிட்டுப் பாக்கும். காரணம் அதுக்குத் தெரியாது. தப்பாவும் இருக்கலாம்."

"காத்து தெக்கேருந்து வரும்னு நான் சொன்னதும் அது கேட்டுக்கிட்டுல்லா. வெவரமானதுதான்," என்றார் அவர். கடப்பாரையைக் கட்டைக்கு அடியில் மறுபடி செருகி, "அவகிட்ட ஒண்ணும் சொல்லாதிய" என்றார்.

அந்த வாரமே திருநெல்வேலி. ரத்தம், ஸ்கேன், இதயம், நரம்பு என்று நான்கு நாள். வயதானால் எல்லோரும் பார்க்க வேண்டியதுதான் என்று மனைவியிடம் சொல்லிக் கூட்டிப்போனார். ஒன்றும் இல்லை என்று டாக்டர்கள் சொன்னார்கள். அவர் நம்பவில்லை. மதுரைக்குப் போனார்கள். அங்கேயும் ஒன்றும் இல்லை. இரண்டு பெண்களும் தினமும் போன் செய்ய ஆரம்பித்தார்கள். வீட்டில் குடம் தூக்கக் கூடாது, மாடிப்படி ஏறக் கூடாது என்றானது. பஸ் கம்பெனிக்குக் கோமதிநாயகமே போய், மார்ச்வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே நிறுத்திவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, மத்தியானம் மூன்று மணி இருக்கும், சண்முகக்கனி மைமூனின் அலுவலகத்துக்கு வந்தார். வியர்வையைக்கூடத் துடைக்காமல் எதிரே உட்கார்ந்தார்.

"அவிய எல்லாத்தையும் சொல்லிட்டாவ. நேத்து என் கையப் பிடிச்சிக்கிட்டு அழுதாவ. இத்தன வருசத்துல அவிய அழுது நான் பாத்ததில்ல."

"அக்கா, என் மேல கோவமா இருப்பிய."

"கோவத்த அப்புறம் படலாம். அந்தப் பட்டை எதப் பாத்துச்சு? அதச் சொல்லு."

மைமூன் கோப்பைத் திறந்தாள். இந்த முறை கோட்டை மட்டும் பார்க்காமல், பத்து நாளின் பதிவையும் ஒவ்வொன்றாக ஓடவிட்டாள். நோயாளியின் அசைவுகள் அல்ல அவை. சண்முகக்கனி நன்றாகக் குனிந்திருந்தார், வேகமாக மண் அள்ளியிருந்தார். ஆனால் வேலை முடிந்த பிறகு ஒரு நிமிடம்கூட நிலத்தில் நிற்கவில்லை. கொத்திய இடத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. நிலத்துக்குள் வரும்போது நடை மெதுவாகவும் வெளியே போகும்போது வேகமாகவும் இருந்தது. பத்து நாளும் அப்படியே.

மைமூன் அதை வாசித்துக் காட்டினாள். வாசிக்க வாசிக்க அவள் குரல் இறங்கியது.

சண்முகக்கனி சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"அப்ப நான் சாவப்போறேன்னு அது சொல்லல."

"இல்லக்கா."

"நான் அங்க இருக்க மாட்டேன்னு சொல்லுது."

மைமூன் தலையசைத்தாள்.

"எனக்கே இன்னும் சொல்லத் தெரியல, அதுக்குத் தெரிஞ்சிருக்கு," என்றார் சண்முகக்கனி. "நீயே சொல்லு. அவிய முப்பது வருசம் கோபுரத்து மேல நின்னு தோப்பு தோப்புன்னாவ. நான் சரி சரின்னேன். போன்ல வேற என்ன சொல்ல? ஒரு மனுசன் அம்புட்டு உயரத்துல ஒத்தையா நிக்கயில, எனக்கு அது பிடிக்கலன்னு சொல்ல முடியுமா? ஆனா இந்தப் பதினாலு வருசம் நான் பஸ் ஓட்டிருக்கேன். காலையில ஏழரைக்கு வண்டிய எடுத்தா, எந்த வளைவுல எவ பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஓடிவருவான்னு எனக்குத் தெரியும். என்னைய நம்பி நாப்பது பேரு அந்த ரோட்டுல நிக்காவ. ஸ்டியரிங்கப் பிடிச்சாத்தான் நான் நானா இருக்கேன். மரத்துக்குக் கீழ உக்காந்து என்ன செய்ய?"

"அண்ணாச்சிகிட்டச் சொல்லுங்கக்கா."

"சொல்லணும். நீயும் வா. நீ ஆரம்பிச்சதுதான."

அன்று சாயங்காலமே மூவரும் நிலத்தில் நின்றார்கள். சண்முகக்கனி சுற்றி வளைக்கவில்லை. தான் வண்டியை விடப்போவதில்லை என்றார். தோப்புக்கு வரமாட்டேன் என்று சொல்லவில்லை, ஆனால் அதில் வேலை பார்க்கத் தன்னால் முடியாது என்றார். கோமதிநாயகத்தின் முகத்தில் முதலில் வந்தது நிம்மதி. மனைவிக்கு ஒன்றும் இல்லை என்ற நிம்மதி. அது அடங்கிய பிறகுதான் ஏமாற்றம் ஏறியது.

"முன்னாடியே சொல்லிருக்கலாம்லா," என்றார்.

"நீங்க கேக்கலியே. பலா வேணுமான்னு கேட்டிய. தோப்பு வேணுமான்னு கேக்கலியே."

அவர் குனிந்து மண்ணில் கிடந்த காய்ந்த குச்சி ஒன்றை எடுத்து ஒடித்தார். பிறகு மைமூனிடம், "ஒரு ஆளுக்கு வரைஞ்சு குடும்மா. நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

ஒரு ஆளுக்கு வரைவதென்றால் பட்டையை மறுபடியும் கட்ட வேண்டும். கோமதிநாயகம் பத்து நாள் தனியாக நிலத்தில் வேலை பார்த்தார். சண்முகக்கனி பஸ்ஸுக்குத் திரும்பினார். பதினோராம் நாள் மைமூன் பதிவை உள்ளே கொடுத்தாள். முன்பு இருபது வருடம் நீண்டிருந்த அவருடைய கோடு, இந்த முறை இரண்டாம் வருடக் கடைசியில் பூஜ்யத்தில் விழுந்தது.

மைமூன் திரையை அணைத்துவிட்டு வெளியே வந்து நின்றாள். என்ன அர்த்தம் என்று இப்போது யாரையும் கேட்க வேண்டியதில்லை. அவருக்குத் தோப்பு மேல் ஆசை இருந்ததே இல்லையோ என்னவோ. முப்பது வருடம் பிரிந்திருந்த மனைவியோடு இருக்க ஒரு இடம் வேண்டும் என்று நினைத்திருக்கிறார். அதற்கு அவருக்குத் தெரிந்த பெயர் தோப்பு. இதைச் சண்முகக்கனியிடம் சொன்னால் அவர் வண்டியை விட்டுவிட்டு வந்துவிடுவார். வந்து, மூன்றாம் வருடம் சித்திரைவரை சகித்துக்கொண்டு இருப்பார். சொல்லாவிட்டால் கோமதிநாயகம் தனியாக இரண்டு வருடம் மண்வெட்டியோடு அலைந்துவிட்டு ஒரு நாள் கேட்டைப் பூட்டிவிடுவார்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் பார்க்காவிட்டாலும் தானாகப் பிழைத்துக்கொள்ளும் மரங்களாகப் பார்த்து ஒரு திட்டம் வரைந்தாள். நாவல், புளி, சீத்தா, நெல்லி, இலந்தை, வேலியில் களா. முதல் இரண்டு மழைக்காலம் தாண்டிவிட்டால் அவற்றுக்கு ஆள் வேண்டாம்.

கோமதிநாயகம் தாளை முழங்காலில் விரித்து வைத்து நிதானமாகப் பார்த்தார். முப்பது வருடம் இயந்திரங்களின் படங்களைப் படித்தவர் அவர்.

"எலுமிச்சை இல்ல. மாதுளை இல்ல. கொய்யாவும் இல்ல," என்றார். "தண்ணி பாச்சாத, ஆள் தேடாத மரமாப் போட்டிருக்கிய."

"உங்களுக்கு அலைச்சல் இருக்காதுன்னு."

"எனக்கு எத்தன வருசம் போட்டுது?"

மைமூன் தாள் பறக்காமல் அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி. சொல்லண்டாம்," என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. "பத்து நாளா எனக்கே தெரியுது. வெட்டுதேன், கொத்துதேன். அங்க மேக்கால போய் நின்னா ஏன் வந்தோம்னு இருக்கு. மணி பத்தே காலுக்கும், பன்னிரண்டே முக்காலுக்கும், மூணு அம்பதுக்கும்தான் மனசு நேராவுது. அவ வண்டி இங்கன திரும்பும்லா. திருப்பத்துல பத்து நிமிசம் போட்டுட்டுத்தான் போவா. என்னமோ பிளாஸ்க்ல டீ குடுப்பா, குடிப்பேன்."

"அப்ப அந்த நேரத்துல எங்க இருக்கிய?"

"ரோட்டோரத்துல. வேற எங்க?"

மைமூன் தாளை அவர் முழங்காலிலிருந்து எடுத்தாள். இந்த வேலைக்கு வரும் எவருக்கும் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது ஒன்று உண்டு. தினம் கவனிக்க வேண்டிய செடியை, கால் தினம் தானாகப் போகும் இடத்தில் வைக்க வேண்டும். எப்போதாவது பார்க்க வேண்டியதைத் தூரத்தில் வைக்க வேண்டும். இருநூறு தோப்பிலும் அந்தக் கால் போகும் இடம் வீட்டுவாசலாகவோ கிணற்றடியாகவோ இருந்தது. வாசலும் கிணறும் இல்லாத ஒரு மூலையை அவள் யோசித்துப் பார்த்ததேயில்லை.

"அண்ணாச்சி, எழுந்திருங்க. ரோட்டுக்குப் போவோம்."

இருவரும் சாலை ஓரத்தில் நின்று கையாலேயே வரைந்தார்கள். எலுமிச்சை, மாதுளை, கொய்யா, கீரை, மிளகாய், நாள்தோறும் கண் வைக்க வேண்டிய எல்லாமே பஸ் திரும்பும் இடத்தை ஒட்டி, அரை ஏக்கருக்குள். அகத்தி அவற்றின் தெற்கே, காற்றைத் தாங்க. மீதி இரண்டரை ஏக்கர் முழுக்க நாவலும் புளியும் சீத்தாவும், அதன் பாட்டில் வளரட்டும் என்று. கிணற்று அனுமதிக்காகத் திட்டத்தைக் கூட்டில் ஏற்றியபோது, அது சிவப்பில் எச்சரித்தது: வேலை செய்பவர் இரண்டாம் வருடத்துக்குப் பிறகு இல்லை. மைமூன் 'தொடர்க' என்பதை அழுத்தினாள்.

ஐந்து வருடம் கழித்து, ஒவ்வொரு தோப்புக்கும் செய்வதுபோல, சரிபார்க்க வந்தாள். சாலை ஓரத்தில் கொய்யா தலைக்கு மேல் நின்றது. அதன் நிழலில் பஸ்ஸுக்காக ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். ஒரு அம்மாள் பேசிக்கொண்டே மாதுளையடியில் களை பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். பள்ளிச் சீருடையில் ஒரு பெண் காய்ந்த இலைகளைக் காலால் மரத்தடிக்குத் தள்ளினாள். யாரும் அவர்களிடம் செய்யச் சொன்னதாகத் தெரியவில்லை. கோமதிநாயகம் எலுமிச்சைக்கு நடுவே உட்கார்ந்து பட்ட கிளைகளை வெட்டிக்கொண்டிருந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது.

மைமூன் கைக்கணினியில் படிவத்தைத் திறந்தாள். சண்முகக்கனி: கணித்தது பூஜ்யம், நடந்தது பூஜ்யம். பச்சை நிறத்தில் 'சரி' என்று வந்தது. கோமதிநாயகம்: கணித்தது பூஜ்யம். சென்ற வருடம் நடந்தது ஆயிரத்து நூற்று நாற்பது மணி நேரம். சிவப்பாகி, காரணம் எழுதவும் என்று கேட்டது.

"அண்ணாச்சி, இது காரணம் கேக்குது."

"எதுக்கு?"

"நீங்க விட்டுட்டுப் போகாததுக்கு."

அவர் கத்தரியைக் கீழே வைத்து, கையைத் துண்டில் துடைத்தார். வளைவில் ஹாரன் கேட்டது. காத்திருந்தவர்கள் பைகளை எடுத்தார்கள்.

"வண்டி வருதும்மா," என்று எழுந்தார். "அப்புறமா எழுதிக்கிடுவோம்."